உலுப்பினதா, நடுங்கினதா?

"பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று அந்த இளம் டொக்டர் கேட்டார். "காய்ச்சலில் நடுங்கினவன்" என்று நான் சொன்னேன். மகனுக்கு அப்போது இரண்டு வயதும் எட்டு மாதமும். மார்கழி மாத மழை, இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது. நான் சொன்னது சரி என்றுதான் அந்த நேரம் நினைத்தேன். ஆனால் அரை மணித்தியாலத்துக்கு முன் வீட்டில் என் மனைவி கத்திய சொல் அதுவல்ல. "இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ, பிள்ளைய உலுப்புது!" என்றுதான் கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்த என் வாயிலும் வந்தது அதே சொல்தான். பக்கத்து ஒழுங்கையில் ஓட்டோ வைத்திருக்கும் தம்பிக்குக் கோல் எடுத்து, "கெதியா வாங்க, பிள்ளைய உலுப்புது" என்றேன். என்ன ஏது என்று அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை, சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் வந்து நின்றார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மூன்று கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்குள் உலுப்பினது எப்படி நடுங்கினதாக மாறியது? மூன்று வருடமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மகன் சுகமாக இருக்கிறான், அதனால் இதை இப்போது எழுத முடிகிறது.

வெளியூர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "இரண்டும் ஒன்றுதானே, எங்கள் பக்கம் உலுக்கு, உங்கள் பக்கம் உலுப்பு, அவ்வளவுதானே" என்றார். அவ்வளவுதான் என்றால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். அது எனக்கு எப்படிப்பட்ட சொல் என்று சொல்ல வேண்டுமென்றால், திருகோணமலையில், பாலையூற்றில் இருந்த அம்மம்மாவின் வளவுக்குத்தான் போகவேண்டும்.

சாக்கு விரித்த பிறகு

அந்த வளவின் பின்பக்கம் ஒரு புளியமரம் நின்றது. புளி பழுக்கும் காலத்தில் ஒரு சனிக்கிழமை அதற்கென்றே ஒதுக்கப்படும். காலையில் அம்மம்மா மரத்தடியைக் கூட்டித் துப்புரவாக்குவா. பிறகு சாக்குகள், பழைய சாரங்கள், கிழிந்த பெற்சீட் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்று விளிம்பு படும்படி விரிப்போம். சின்ன மாமா மேலே ஏறி ஒரு கொப்பில் கால் ஊன்றி, தலைக்கு மேலே உள்ள கொப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உலுப்பட்டா?" என்று கேட்பார். "பொறு, பொறு" என்று அம்மம்மா எங்களைத் தள்ளி நிற்கவைத்த பிறகு, "ம், இனி உலுப்பு" என்பா. வெடுக்கென்று ஒரு இழுவை. உடனே நிறுத்தம். சடசடவென்று புளி விழும். விழுந்து முடியும்வரை மாமா அசைய மாட்டார். பிறகு அடுத்த கொப்பு.

நான் ஒருமுறை தாழ்ந்த கொப்பு ஒன்றைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் விழவில்லை. "நீ ஆட்டுறாய். உலுப்பு" என்றார் மாமா. அன்றைக்குக் கையால் படித்த பாடம் இது. எவ்வளவு நேரம் ஆட்டினாலும் பழம் கொப்போடு சேர்ந்து ஆடிக்கொண்டே இருக்கும். கொப்பைத் திடீரென்று இழுத்து, அது போகிற போக்கிலேயே நிறுத்தினால், கொப்பு நின்றுவிடும், பழம் நிற்காது. அது போன பக்கமே போகப் பார்க்கும், காம்பு அறும். பழுத்தது விழும், காய் தங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் பிறகு நியூட்டனின் முதலாம் விதியைப் படிப்பித்தபோது எல்லோரும் திடீரென்று பிரேக் போட்ட பஸ்ஸை நினைத்தார்கள். நான் புளியமரத்தை நினைத்தேன்.

கச்சான் காற்றுக் காலத்தில் பாலைப்பழத்துக்கும் இதே உலுப்பல்தான். பாலைப்பழத்தை வீதியோரம் சுண்டில் அளந்து விற்பார்கள், தின்றால் உதடு ஒட்டும். நாவலையும் உலுப்பலாம். மாமரத்தை உலுப்பினால் ஏச்சு விழும், ஏனென்றால் அடிபட்ட மாங்காய் பழுக்காது, அழுகும். ஆக, எதை உலுப்பலாம், எதை உலுப்பக்கூடாது என்பதும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே எங்களுக்கு வந்தது. அதில் மூன்று சங்கதிகள் உண்டு. அது திடீரென்று நடக்கவேண்டும். அதனால் ஏதாவது ஒன்று கழன்று விழவேண்டும். அதைச் செய்ய மரத்துக்கு வெளியே ஓர் ஆள் இருக்கவேண்டும்.

மூன்றாவதை நான் மிகவும் பிந்தித்தான் கவனித்தேன். குலுக்கினால் குலுங்கும். ஆட்டினால் ஆடும். எழுப்பினால் எழும்பும், திருப்பினால் திரும்பும். தமிழில் இந்த மாதிரிச் சொற்கள் சோடி சோடியாகத்தான் இருக்கும், தன்வினை ஒரு பக்கம், பிறவினை மறுபக்கம். அந்தக் கணக்கில் உலுப்புக்கு உலும்பு என்று ஒரு சோடி இருந்திருக்க வேண்டும். எங்கள் பேச்சில் அது இல்லை. மரம் தானாக உலும்பியது என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. காற்றில் மரம் ஆடும், அலையும், முறியும். உலுப்புவதற்கு மட்டும் யாராவது வேண்டும். அப்படி ஒருவரையும் காணவில்லை என்றால், காணாத ஒன்றையே ஆளாக்கிச் சொல்வோம். "குளிர்காய்ச்சல் ஆளை உலுப்பி எடுத்திட்டுது", "இருமல் உலுப்புது." அம்மம்மாவின் சின்ன வயதில் திருகோணமலைப் பக்கம் மலேரியா வராத வீடு குறைவு. நாலு போர்வைக்குள்ளும் தன்னை உலுப்பியதைப் பற்றி அவ சொல்லும்போது, யாரோ தெரிந்த ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரி இருக்கும், "பின்னேரம் நாலு மணிக்கு வரும், வந்து உலுப்பிப்போட்டுப் போகும்." இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய மலேரியா 2012க்குப் பிறகு இல்லாமல் போய், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் வாசித்தபோது, நாலு மணிக்கு வந்துபோன அந்த ஆளைத்தான் நினைத்தேன்.

அம்மம்மா எந்தச் சொல்லையும் இடம் பார்த்துத்தான் போடுவா. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டபோது அவவுக்கு ஒன்பது வயது. "நிலம் அதிர்ந்தது, அடுக்களைச் சட்டியெல்லாம் குலுங்கினது, எங்கட ஐயாவுக்குக் கை நடுங்கினது" என்று ஒரே மூச்சில் சொல்லுவா. நிலத்துக்கு ஒன்று, சட்டிக்கு ஒன்று, கைக்கு ஒன்று. மூன்றையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், பொருந்தாது. அதிர்வது ஒலியோடு வருவது, தூரத்தில் தொடங்கி உள்ளங்கால் வழியாக ஏறுவது. 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் ஷெல் போன நாட்களில் எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல்லை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, நான் கந்தோரில் கதிரையில் இருந்தேன். கதிரை ஆடியது. பக்கத்து மேசைக்காரர் "தலை சுத்துதா உங்களுக்கும்?" என்று கேட்டார். அடுத்த நிமிடம் எல்லோரும் கடலுக்கு மறுபக்கமாக ஓடினோம். 2004க்கோ எங்கள் பக்கம் எந்த ஆட்டச் சொல்லும் ஒட்டவில்லை. இன்றைக்கும் நாங்கள் "கடல் வந்த நேரம்" என்றுதான் சொல்கிறோம்.

கடற்கரைப் பக்கம் போனால் உதறுதான். சூடை வலை கரைக்கு வந்ததும் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று வலையை உதறுவார்கள், மணலில் வெள்ளி வெள்ளியாக மீன் கொட்டும். உதறுவதிலும் ஒன்று விழுகிறது, ஆனால் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதைக் களைவதுதான் நோக்கம். சாப்பிட்டுக் கழுவிய கையை உதறுவோமே, அது மாதிரி. வள்ளுவர் கயமை அதிகாரத்தில் அந்தக் கை உதறலைத்தான் பிடித்திருக்கிறார். "ஈர்ங்கை விதிரார் கயவர்" என்று தொடங்கும் 1077ஆம் குறள். தாடையை உடைக்கிற முஷ்டி உள்ளவனுக்கு அன்றி, வேறு யாருக்கும் சாப்பிட்ட ஈரக்கையைக்கூட உதற மாட்டார்களாம் கயவர்கள். விதிர் என்ற சொல் இப்போது நம்மிடம் "விதிர்விதிர்த்துப் போனான்" என்ற ஒரு தொடரில் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஈரக்கையை உதறும்போது அந்தச் சொல்லை யாரும் நினைப்பதில்லை. ஒரு சொல் போனால் அது செய்துகொண்டிருந்த வேலையை இன்னொரு சொல் எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். பாதி வேலையைத்தான் எடுக்கும்.

கோணேசர் கோவிலில் சம்பந்தரின் பதிகத்தைப் பாடக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்ற வரி மனப்பாடம். கொழிப்பது என்பதைச் செல்வம் கொழிப்பதாக மட்டும் நான் நெடுநாள் விளங்கிவைத்திருந்தேன். அம்மம்மா சுளகில் அரிசியை வைத்துப் பக்கவாட்டில் அலசி அலசிக் கல்லை ஒதுக்குவதற்கும் கொழிப்பது என்றுதான் பெயர். அதை அறிந்த பிறகு அந்தக் கோவில் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழே அலை வந்து போவதைப் பார்த்தால், கடலின் கையில் ஒரு சுளகு இருப்பது மாதிரியே தெரிகிறது. அசைவைச் சொல்லும் ஒரு சொல்லுக்குள் எப்படிப்பட்ட அசைவு என்பதும், யார் எதற்காக அசைக்கிறார்கள் என்பதும் கிடக்கிறது.

சிவப்பு மை

எட்டாம் வகுப்பில் "மறக்க முடியாத நாள்" என்று ஒரு கட்டுரை. நான் புளி உலுப்பிய சனிக்கிழமையை எழுதினேன். கொப்பி திரும்பி வந்தபோது "உலுப்பினோம்" என்ற சொல் ஐந்து இடத்தில் வெட்டப்பட்டு, மேலே சிவப்பு மையில் "உலுக்கினோம்" என்று இருந்தது. எனக்குத் தமிழில் பிரியம் வரக் காரணமே அந்த ஆசிரியர்தான். கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினார், பாராட்டினார். "உலுப்பு என்பது பேச்சுத் தமிழ். எழுதும்போது உலுக்கு என்றுதான் வரவேண்டும்" என்றும் சொன்னார். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை. பேப்பரிலும் "நாட்டையே உலுக்கிய சம்பவம்" என்றுதானே வருகிறது.

பல வருடங்களுக்குப் பிறகு, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டும் வாய்ப்பு வந்தபோது முதலில் தேடிய சொல் இதுதான். உலுப்புதல் அங்கே தனிச் சொல்லாக உட்கார்ந்திருந்தது. ஒரு பிழைத்திருத்தம் கழிக்கப்பட்ட மாதிரி சந்தோஷமாக இருந்தது. ஆனால் சந்தோஷப்பட்டு என்ன பயன்? சிவப்பு மை அதற்குள் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. வீட்டில் கதைப்பேன், மேசைக்கு முன்னால் போனால் பேசுவேன். வீட்டில் கெதியா, விண்ணப்பப் படிவத்தில் விரைவாக. இதில் பிழை இருப்பதாக நான் இப்போதும் சொல்லவில்லை, எல்லா மொழியிலும் இப்படி ஒரு வாசல்படி இருக்கும், செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போகிற மாதிரி. ஆனால் செருப்போடு சேர்த்து வேறு எதையாவது வாசலில் விட்டுவிட்டுப் போகிறோமா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மாமி வந்து சேர்ந்தா

அந்த இளம் டொக்டர் தென்பகுதியைச் சேர்ந்தவர். தமிழ் படித்து, நோயாளிகளோடு தமிழில்தான் கதைக்க முயற்சி செய்வார், அந்த அக்கறை முகத்திலேயே தெரிந்தது. நான் வேண்டுமென்றேதான் அவருக்கு விளங்கக்கூடிய சொல்லை எடுத்தேன். உலுப்புது என்றால் இவருக்கு எங்கே விளங்கப்போகிறது, நடுக்கம் புத்தகத்தில் உள்ள சொல், நல்ல சொல். என் மனம் இப்படித்தான் கணக்குப் போட்டது. பக்கத்தில் நின்ற மிஸ்ஸி, தாதியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அதைச் சிங்களத்தில் ஒருமுறை உறுதிப்படுத்தினா, "வெவ்லனவா." குளிரில் நடுங்குவதற்கும் பயத்தில் நடுங்குவதற்கும் சொல்கிற சொல். டொக்டர் தலையாட்டி எழுதினார். மகன் அந்த நேரம் என் தோளில் நித்திரை. 39.4 பாகை காய்ச்சல். பனடோல் பாணி கொடுத்து, உடம்பைத் துடைத்து, வாங்கில் இருக்கச் சொன்னார்கள். காய்ச்சலில் நடுங்கிய பிள்ளைக்குச் செய்யவேண்டியதைச் சரியாகவே செய்தார்கள்.

பத்து நிமிடம் கழித்து மாமி, என் மனைவியின் அம்மா, வந்து சேர்ந்தா, பிளாஸ்கும் பெற்சீட்டும் குடையுமாக, பாதி நனைந்து. "என்ன சொன்னவை?" என்று கேட்டா. "காய்ச்சல் நடுக்கமாம், குறைஞ்சதும் போகலாம் போல" என்றேன். மாமி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவில் இருக்கிறது. கோபம் இல்லை, அதிசயம். "ஆர் சொன்னது நடுக்கம் எண்டு?" நான் பதில் சொல்லவில்லை. சொன்னது நான்தானே.

"தம்பி, நடுக்கம் எண்டா பிள்ளை நடுங்கும். கையைப் பிடிச்சா நிக்கும், 'அம்மா குளிருது' எண்டு சொல்லும். இவன் நடுங்கேல்ல. இவனை உலுப்பினது. நான் கையப் பிடிக்கப் பிடிக்க அது இழுத்தது. கண் மேல செருகிப் போச்சு. நான் ராசா, ராசா எண்டு கூப்பிடுறன், பிள்ளை அதுக்குள்ள இல்ல."

"பிள்ளை அதுக்குள்ள இல்ல" என்று சொல்லும்போது மாமியின் குரல் உடைந்தது. நான் வாங்கிலிருந்து எழும்பிவிட்டேன். அவ இலக்கணம் படித்தவ இல்லை, ஆனால் இரண்டு வினைச்சொல்லுக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தை என் தலையில் கொட்டிவிட்டா. நடுங்குவது பிள்ளை செய்கிற வேலை, அங்கே பிள்ளை எழுவாய். உலுப்பும்போது பிள்ளை எழுவாய் இல்லை, புளியமரம் மாதிரி வெறும் செயப்படுபொருள், செய்கிறது வேறு எதுவோ. வீட்டில் என் மனைவி கத்தியதும் அப்படித்தான், "பிள்ளைய உலுப்புது" என்று, ஐயும் போட்டு. நாங்கள் மூன்று பேரும் கண்டது அதைத்தான். ஆஸ்பத்திரி மேசைக்கு முன்னால் நான் அதை அப்படியே தலைகீழாக்கி, பிள்ளையை எழுவாயாக்கி, அவன் நடுங்கினான் என்று எழுதவைத்திருக்கிறேன்.

மாமி எனக்காகக் காத்திருக்கவில்லை. நேரே மிஸ்ஸியிடம் போய், "மிஸ்ஸி, பிள்ளைய உலுப்பினது" என்றா. அந்த மிஸ்ஸி கிண்ணியாப் பக்கத்தவ. அவவுக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது. முகம் மாறி, எழும்பி, உள்ளே பார்த்துச் சிங்களத்தில் சொன்னா. இந்தமுறை "வெவ்லனவா" இல்லை, "கெஸ்ஸெனவா." வெட்டி வெட்டி இழுப்பதற்குச் சொல்கிற சொல். டொக்டர் உடனே வெளியே வந்தார்.

பிறகு கேள்விகள் வேறாகின. பிடித்தால் நின்றதா? கண் எங்கே பார்த்தது? கூப்பிட்டபோது திரும்பினானா? இரண்டு பக்கமும் இழுத்ததா, ஒரு பக்கம் மட்டுமா? முடிந்ததும் அழுதானா, நித்திரையானானா? எத்தனை நிமிடம்? ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மாமிதான், "கேத்திலை அடுப்பில வைச்சிட்டு வந்தனான், அது கொதிக்க முன்னம் நிண்டிட்டுது" என்றா. டொக்டர் "எவ்வளவு தண்ணி?" என்று கேட்டு, அதை வைத்துக் கணக்குப் போட்டார். ஐந்து நிமிடத்துக்குள். பெரிய டொக்டரைக் கூப்பிட்டார்கள், அன்றிரவு வாட்டில் வைத்துப் பார்த்தார்கள்.

காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரக்கூடியது, பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும், பின்னால் பெரிதாக எதுவும் விட்டுவைக்காது என்று பெரிய டொக்டர் நிதானமாக விளங்கப்படுத்தினார். திரும்ப வந்தால் பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்தவேண்டும், இழுக்கும் கை காலை அமத்திப் பிடிக்கக்கூடாது, வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்கவே கூடாது, நேரத்தைப் பார்க்கவேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. இழுக்கும்போது கையில் திறப்பை, அதாவது சாவியை, கொடுப்பது பற்றி மாமி கேட்டா. "கொடுத்தாலும் நிக்கும், கொடுக்காட்டியும் நிக்கும் அம்மா. திறப்பைத் தேடப் போகாதீங்க, பிள்ளைக்குப் பக்கத்தில இருங்க" என்றார் அவர். அதைக் கேட்ட மாமி சுருக்குப்பையில் இருந்த திறப்பைத் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டா.

வலிப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஏன் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை என்பதை நான் அந்த வாட்டில் விடியும்வரை யோசித்தேன். வலித்தல் என்றால் இழுத்தல். தண்டு வலிக்கிறார்கள் என்று வள்ளத்தில் சொல்வோம். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வலிப்பு என்ற பெயரை ஒரு பிள்ளையின் மேல் ஒட்டினால் அது பள்ளிக்கூடம்வரை, கலியாணம்வரை கூடவே வரும் என்று சனம் பயப்படுகிறது. அந்தப் பயத்தில்தான் என் மனைவி உலுப்புது என்றாள் என்று சொல்ல மாட்டேன். அந்த நொடியில் அவள் பெயர் தேடவில்லை, கண்டதைச் சொன்னாள். வலிப்பு ஒரு வியாதியின் பெயர். உலுப்பு, கண் முன்னால் நடந்ததன் பெயர். டொக்டருக்குத் தேவைப்பட்டது இரண்டாவதுதான், முதலாவதை அவரே கண்டுபிடித்துக்கொள்வார். நான் அவரிடம் அதை மறைத்தேன் என்று சொன்னால் கடுமையாக இருக்கும், ஆனால் திருத்திக் கொடுத்தேன், அதுவும் மறைத்தது மாதிரித்தான். எட்டாம் வகுப்புக் கொப்பியின் சிவப்பு மையை, யாரும் கேட்காமலே, என் பிள்ளையின் மேல் நானே ஓட்டியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் காலையில் துண்டு வெட்டி எங்களை வீட்டுக்கு அனுப்ப முன்னம் அந்த இளம் டொக்டர் கட்டிலடிக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். பாதிக்குமேல் எழுதி நிரம்பியிருந்தது, ஒருபக்கம் தமிழ்ச் சொல் சிங்கள எழுத்தில், மறுபக்கம் விளக்கம். "அம்மா அன்றைக்குச் சொன்ன சொல், திரும்பச் சொல்லுங்க" என்று மாமியிடம் கேட்டார். மாமி வெட்கப்பட்டு என்னைப் பார்த்தா. "நீங்களே சொல்லுங்கோ மாமி" என்றேன். "உலுப்பினது" என்றா. அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பார்த்து எழுதினார். "மரத்துக்கும் சொல்லுறதுதான்" என்று மாமி சேர்த்துச் சொன்னா. கையால் கொப்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தும் காட்டினா. அவர் அதையும் எழுதினார்.

மகனுக்கு இப்போது ஐந்து வயது கடந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ காய்ச்சல் வந்து போனது, அது மட்டும் திரும்ப வரவில்லை. போன மாதம் மாமியின் வளவில் புளி உலுப்பினோம். அம்மம்மாவின் மரம் இல்லை இது, கொஞ்சம் இளசு, ஏறத் தேவையில்லை, கீழிருந்தே பெரிய கொக்கத்தடியால் கொப்பை மாட்டி இழுக்கலாம். தடியின் நுனியை மகனும் என்னோடு சேர்ந்து பிடித்தான். "உலுப்பட்டா?" என்று கேட்டேன். அவன் கொப்பைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"அப்பா, சின்னனில என்னை உலுப்பினது எண்டு அம்மம்மா சொல்லுவா. ஆர் உலுப்பினது?"

"காய்ச்சல்" என்றேன்.

"காய்ச்சலுக்குக் கை இருக்கா?"

என்னிடம் பதில் இல்லை. மாமி சாக்கின் மூலையைக் கல்லால் அமத்திக்கொண்டிருந்தா, நிமிரவில்லை. "இருந்தது ராசா. நான்தான் விடாமப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றா. பிறகு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, "ம், இனி உலுப்பு" என்றா.